ஏலத்தில் போன மீன் குழம்பு

அறுப்பின் பண்டிகை அன்றைக்குத் தசரதன் தன் வீட்டு மீன் குழம்பைத் தானே ஏலம் போட்டான். போடும்போது அது தன் வீட்டுக் குழம்பு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏலத்தை நிறுத்திவிட்டுத் தட்டைத் தேடியிருப்பான்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கும் கார்த்திகைத் தீபத்துக்குக் கூட்டம் சேர்வதற்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்தச் சபை இந்தப் பண்டிகைக்கென்று வைத்திருந்தது. விளைந்ததில் கொஞ்சம் ஆண்டவருக்கு. நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர். நிலம் இருப்பவர்கள் மல்லாட்டை மூட்டையும் பூசணிக்காயும் கொண்டுவருவார்கள். நிலம் இல்லாதவர்கள் கால் கட்டின கோழியோ, அதிரசத் தட்டோ, பூப்போட்ட தலையணை உறையோ கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலுக்கடியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் சேருவது இல்லாதப்பட்டவர்களின் வைத்தியத்துக்குப் போகும்.

ஏலம் போடுகிற வேலை தசரதனுடையது. வாய் நீளம் என்பதைத் தவிர அதற்கு அவனிடம் வேறு தகுதி கிடையாது. "இந்தக் கோழி பிரசங்கம் பூரா கண்ண மூடல. நம்மள்ல எத்தினி பேர் அப்படி நெஞ்சத் தொட்டுச் சொல்லுவீங்க?" என்று தூக்கிக் காட்டினான் என்றால் கோழிக்கு விலை ஏறிவிடும். போதகரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

அந்த ஏலத்துக்கு இரண்டு வழக்கம் உண்டு. எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், "ஆண்டவருக்கே திரும்ப" என்று மேசையில் வைத்துவிட்டால் அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் இப்படிச் சபை முழுவதும் கை மாறி, கடைசியில் குழந்தையைப்போல எல்லாருக்கும் பழக்கப்பட்டுப்போய்விடும். இன்னொன்று, மூன்றாம் தரம் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. மேசைக்கு வந்தது ஆண்டவருடையது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று சபையார் கைப்பைகளையும் குடைகளையும் மேசையோரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பேச்சு வேகத்தில் தசரதன் கையை நீட்டினான். நாலடுக்கு டிபன் கேரியர் ஒன்று வந்தது. அடி இன்னும் சூடாக இருந்தது.

"சமைச்சே கொண்டாந்துட்டாங்க பாருங்க. அடுப்பு பத்தவைக்கற வேலை இல்ல, பாத்திரம் கழுவற வேலை இல்ல. கல்யாணம் ஆகாத பசங்க முன்னால வாங்க."

எடுத்தது ஜீவகுமார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை போடுகிற ஜைனக் குடும்பம். ஊரில் நயினார் என்பார்கள். அவன் வயல் மோட்டார் எரிந்தால் தசரதன்தான் உள்ளே செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்டித் தருவான். அந்தப் பழக்கத்தில் வருஷா வருஷம் பண்டிகைக்கு வந்து ஒரு தார் வாழைக்காயாவது எடுக்காமல் போகமாட்டான். இந்தத் தடவை சாம்பார் சாதமாக இருக்கும் என்று நினைத்துவிட்டான் பாவம். எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்தான். விரால் மீன் குழம்பு. மூன்று தலைமுறைக்கு முட்டைகூட உள்ளே வராத வீட்டுக்காரன், தூங்குகிற பிள்ளை முகத்தில் துணி போடுகிற மாதிரி மெதுவாக மூடியை மூடினான்.

"தசரதா, ஆண்டவருக்கே திரும்ப" என்றான்.

பந்தல் சிரித்து அடங்க நேரமாயிற்று. இரண்டாவது தடவை வேலூரிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் எடுத்தார். அவர் திருப்பித் தருகிற ரகம் இல்லை. பந்தல் ஓரமாகவே நாற்காலி போட்டு, முள் முள்ளாக எடுத்துவைத்துச் சாப்பிட்டு முடித்து, குழாயில் கழுவி, வெறும் கேரியரை நன்றியோடு கொண்டுவந்து நீட்டினார். அப்போதுதான் தசரதன் பிடியில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தான். ரஞ்சிதம்.

பெண்கள் பக்கம் பார்த்தான். அவன் பெண்சாதி கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் பரவாயில்லை. எங்கேயோ அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவனுக்கு அவள் வைத்தது பழைய சோறும் நார்த்தங்காயும். மத்தியானம் சபையில் விருந்து இருக்கிறதே, எதற்கு அடுப்பு என்று சொல்லியிருந்தாள். அப்படியானால் விரால் யாருக்கு? அந்தக் கேள்வி அன்றைக்குச் சபையில் பாதிப் பேருக்கும் இருந்தது.

*

மழை வலுத்த பிறகு வீட்டுக்கு வந்தார்கள். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே வருகிற சந்தில் வீடு. முன்னறைதான் தசரதனின் கடை. தெருவைப் பார்த்துப் பெரிய கதவு, உள்ளே வரிசையாக எரிந்த மோட்டார்கள், செப்புக் கம்பிச் சுருள், வார்னிஷ் வாசனை. மழைக் காலத்தில் கிணறு நிறைந்து மோட்டார்கள் ஓய்ந்துகிடக்கும். வேலை கம்மி, பேச்சு ஜாஸ்தி.

யாருக்கு என்று அவன் நேராகக் கேட்கவில்லை. அவன் எதையுமே நேராகக் கேட்கிறவன் இல்லை. விராலுக்கு ஆண்டவர் எங்கேயோ ஒரு வாயை வைத்திருக்கிறார், அது நம் வாயாக இல்லாமல் போயிற்றே என்றான். ரஞ்சிதம் முந்தானையைப் பிழிந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். மாசிலாமணி ஐயாவுக்கு. அடி அண்ணாமலையில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன்.

போகிறாள் என்று அவனுக்கும் தெரியும். "அடி அண்ணாமலை போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஷேர் ஆட்டோ ஏறுவாள். பெண்கள் ஜெபக் கூட்டமாக இருக்கும் என்று இவனே நினைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருக்கிறான். பொய் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கம்தான் நடந்திருக்கிறது.

மாசிலாமணி ஜவ்வாது மலையில் வெகுகாலம் ஊழியம் செய்தவர். மனைவி சின்ன வயசிலேயே போய்விட்டாள். பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். அவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில். மலையில் இனி முடியாது என்று கீழே இறங்கி, கிரிவலப் பாதை ஓரத்தில் உண்ணாமலை என்கிற டீக்கடைக்காரியின் பின்கட்டில் ஓர் அறை எடுத்திருந்தார். போன கோடையில் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. இப்போது வலது கையால் சாப்பிடுவார், அதே கையால் கும்பிடுவார், அதே கையால் உண்ணாமலையின் நாயை விரட்டுவார்.

"இன்னிக்கு அவர் சாப்புட்டாரா?" என்று தசரதன் கேட்டான்.

"பிஸ்கட்டு நனைச்சித் துன்னாராம். உண்ணாமலை போன்ல சொல்லிச்சு."

அதற்குமேல் அவனிடம் நகைச்சுவை ஒன்றும் மிச்சமில்லை. ரஞ்சிதம் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"முன்னறைய ஒழிச்சிக் குடுங்க" என்றாள். "அவர இங்கியே கூட்டியாந்துடலாம். சோத்த நான் தூக்கினு போறதுக்குப் பதிலா, அவரு இங்கியே இருந்தா சோத்துக்கு அலைய வேணாம். யாரும் ஏலமும் போட முடியாது."

"கடை?"

"பின்னால கொட்டாய் இருக்குதில்ல?"

பின்னால் கொட்டகை இருந்தது. மேலே ஓடு உடைந்து, விறகும் பழைய சைக்கிளும் இரண்டு கோழியும் இருந்தன. கோழிகளிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றான் தசரதன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்திருப்பாள். அவள் கவனிக்காதது ரொம்பக் கம்மி.

*

ரஞ்சிதம் கொடுக்கிறவள். சிலர் பாடுகிறவர்கள், சிலர் சண்டைக்காரர்கள் என்கிற மாதிரி அவள் கொடுக்கிறவள். சோற்றுக்கு அரிசி அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவாள். கைப்பிடி அரிசி என்று சபைப் பெண்கள் எல்லாரும் போடுகிறதுதான். ஆனால் ரஞ்சிதத்தின் பிடி மட்டும் வரவரப் பெரிதாகி, சில நாள் எது சபைக்கு எது வீட்டுக்கு என்று குழப்பமாகிவிடும். கிரிவலம் போகிறவர்களுக்கு பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்டாவில் மோர் கரைத்துக்கொண்டுபோய் வைப்பாள். மலையைச் சுற்றுகிறவர்களுக்கு நாம் ஏன் மோர் ஊற்ற வேண்டும் என்று சபையில் ஒருத்தர் கேட்டதற்கு, தாகத்துக்கு எந்த மலை என்று தெரியாது ஐயா என்று சொல்லிவிட்டாள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரி மழையில் நனைந்துபோகிறாள் என்று தசரதனின் குடையைக் கொடுத்தாள். அவன் நனைந்து வந்தபோது அவனுக்குத் துண்டு கொடுத்தாள். அவன் சட்டைகள் ஊருக்குள் அவனுக்கு முன்னாலேயே நடமாடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இளநீர் வெட்டுகிறவன் மேல் தன் நீலக்கட்டம் போட்ட சட்டையைப் பார்த்து அவன் வணக்கம் வைத்திருக்கிறான், சட்டைக்குத்தான்.

கேட்டால் அவள் பெரிதாக வசனம் பேசமாட்டாள். நமக்கென்று வந்ததில் பாதி இன்னொருத்தர் விலாசத்துக்கு வந்ததுதான், தபால்காரர் நம் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பாள். கொடுக்கும்போது வாங்குகிறவர் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். அது ஜெபம். அதைத் தசரதன் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் அவனுக்குள் ஒன்று லேசாக இடறும். ஏனென்றால் அவள் முதன்முதலில் அப்படி உதடு அசைத்துச் சொன்ன பெயர்களில் தன்னுடையதும் ஒன்று.

காயில் கட்டக் கற்றுக்கொள்ள கீழ்பென்னாத்தூரைத் தாண்டின ஒரு கிராமத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது அவனுக்கு அம்மா இல்லை, அப்பாவுக்கு அவன் இல்லை. பட்டறையில் ஒருவேளைச் சோறு. பட்டறைக்கு எதிர் வீடு ரஞ்சிதத்தின் அப்பா வீடு. சபையில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார் அவர். மத்தியானத்தில் அந்த வீட்டில் அவனுக்கு ஒரு தட்டு விழ ஆரம்பித்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். உபதேசியார் ஜெபம் நீளமானது. உலகத்தில் இருக்கிற எல்லா ராஜாங்கங்களையும் ஆசீர்வதித்துவிட்டுத்தான் சோற்றுக்கு வரும். ஆமென் சொன்ன பிறகுதான் சோறு என்பதால் அந்த வீட்டிலேயே சத்தமாக ஆமென் சொன்னது தசரதன்தான். நாளடைவில் சோறு இல்லாத நேரத்திலும் அந்த ஆமென் வாயில் வந்தது. அது எப்போது வேஷம், எப்போது நிஜம் என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்னார்கள். ரேஷன் கார்டில் அலைய முடியாது என்று பழைய பெயரையே வைத்துக்கொண்டான். மூன்று பெண்சாதி கட்டின ராஜாவின் பெயர். ஒரு பெண்சாதியிடமே ஒரு பதில் வாங்க முடியவில்லை.

அந்தப் பதில்தான் அவன் வாழ்நாள் ஏக்கம். சோறு கொடுத்தாள், புரிகிறது. அதற்கப்புறம் தன்னையே கொடுத்தாளே, அது என்ன கணக்கு? படித்த பெண், உபதேசியார் மகள், நல்ல குரல். எதிரே பட்டறையில் கரியும் வார்னிஷுமாக நின்ற பையனை ஏன் கட்டிக்கொண்டாள்? இல்லாதவனுக்கு இரண்டாவது சட்டையைக் கொடுக்கிற மாதிரிதானா? கல்யாணமான புதிதில் கேட்டான். மகள் பிறந்தபோது கேட்டான். மகளுக்குக் கல்யாணமாகி ஓசூர் போனபோதும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "நானும் உன் கைப்பிடி அரிசியா?" என்பான். "சட்டில அரிசி வெந்துதா பாருங்க" என்பாள் அவள். அவன் போய்ப் பார்ப்பான். வெந்திருக்கும்.

*

செவ்வாய்க்கிழமை அவனே சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினான். நான் போய்ப் பரிகாரம் பண்ணிவிட்டு வருகிறேன் என்றான். ரஞ்சிதம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரசத்தைத் தனியாக ஊற்றிக் கொடுத்தாள். மழை விட்டிருந்தது. மலையின் தலைப்பக்கம் மேகத்துக்குள் இருந்தது. மொபெட்டில் போகும்போது பாதையோரத்துச் சாமியார்கள் நனைந்த துணிகளைப் பிழிந்து வேலிமேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலைக்காட்டு ஈர வாசனை வந்தது.

உண்ணாமலை டீ ஆற்றிக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அந்த அண்ணன்" என்று மட்டும் கேட்டாள். ஏலக் கதை அதற்குள் மலையைச் சுற்றிவிட்டிருந்தது.

மாசிலாமணி கட்டிலில் சாய்ந்திருந்தார். அறை சின்னது, சுத்தமானது, ஓதம் ஏறின சுவர். பெரிய கண்ணாடி வழியாக இவனைப் பார்த்தார்.

"என் மீன வித்தவன் நீதானே?"

"நான்தாங்க ஐயா."

"நல்ல விலைக்குப் போச்சா?"

"ரெண்டு தடவ போச்சுங்க."

"அப்ப சரி. தனியா சாப்பிட்டிருந்தா என் வயித்துக்குத்தான் ஆயிருக்கும்."

சோற்றைப் பிசைய அவருக்குச் சிரமமாக இருந்தது. தசரதன் கேட்காமலே தட்டை வாங்கிப் பிசைந்து கொடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே மலை ஊர்களைப் பற்றிச் சொன்னார். சாமை விளைகிற காடு, கரடி வருகிற வழி, மழை பெய்தால் ஒரு மாதத்துக்குப் பாடை இறக்க முடியாத ஊர். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஊழியத்துக்கு நடந்திருக்கிறார். பிரசங்கத்தின் நடுவில் அது அழுதால் ஜனங்கள் குழந்தையைத்தான் கவனிப்பார்களாம்.

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அப்புறம், மோரைக் கையில் வாங்கிக்கொண்டு. "அப்பத்தான் ஒன் ஊட்டுக்காரம்மாவ நான் பொண்ணு கேட்டனுப்பினேன்."

தசரதனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினான்.

"ஊழியத்துக்கு ஏத்த பொண்ணு. கொழந்தைங்களுக்கும் ஒரு தாய். உபதேசியார் சரின்னாரு, போதகர் சரின்னாரு, சபையே ஆண்டவருடைய சித்தம்னு சொல்லிச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் மாட்டேன்னுடுச்சு."

"ஏன்னு சொல்லிச்சுங்களா?"

"சொல்லல. நானும் கேக்கல. கொஞ்ச நாள்ல ஒங்க ரெண்டு பேருக்கும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சதாக் கேள்விப்பட்டேன். நான் மலைமேல இருந்தேன். ஒனக்காகவும் ஜெபம் பண்ணேன்னு சொன்னா பொய்யாயிடும். கொஞ்ச நாள் கழிச்சிப் பண்ணேன்."

அந்த நேர்மை தசரதனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் இன்னும் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது கிழவர் வலது கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். ஒங்க ஊட்டுக்கு வரணும்னு நான் கேக்கல தம்பி, அந்தப் பொண்ணே அதுவா சொல்லிச்சு, நீ வேணாம்னா நான் கோவிச்சிக்க மாட்டேன், எனக்கு உண்ணாமலை இருக்கிறாள் என்றார். பின்னால் நின்ற உண்ணாமலை, வாடகைப் பாக்கிக்காக இருக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

திரும்பும்போது தசரதன் மொபெட்டை மெதுவாகவே ஓட்டினான். இத்தனை வருஷமும் தெரியாத சங்கதி ஒன்று கையில் வந்துவிட்டது, அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. மனைவியை இழந்த ஊழியக்காரர், தாயில்லாத பிள்ளைகள், முதுகில் அழுகிற கைக்குழந்தை. கொடுக்கிறவளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அங்கே போகாமல் இவனிடம் வந்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் அவனுக்குத் தோன்றியது. அந்தக் குழந்தைகளைவிட இவன் அன்றைக்குப் பரிதாபமாக இருந்திருக்கிறான். அழுகிற கைக்குழந்தையையே தோற்கடித்திருக்கிறான். சிரிக்கலாமா என்று பார்த்தான். வரவில்லை.

*

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் முன்னறையை ஒழிக்க ஆரம்பித்தான். முதலில் கொட்டகையில் ஏறி ஓடு மாற்றினான். பிறகு மோட்டார் மோட்டாராக உருட்டிக்கொண்டு போனான். காயில் சுற்றுகிற மெஷின், கம்பிச் சுருள், மூங்கில் குச்சிகள், வார்னிஷ் டின், எரிந்த கம்பியை வெட்டியெடுக்கிற உளி. சுவரில் அவனுடைய எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம் ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

ஸ்டார்ட்டரில் மழைத் தண்ணீர் இறங்கி எரிந்துபோன மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜீவகுமார் வந்தான். கடை வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சி, "இன்னிக்கு மீன் இல்லையே?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் தன்னைத் தனித் தட்டில் சாப்பிடவைத்திருக்கிறார்கள் என்றான். அது பொய், ஆனால் நல்ல பொய். பிறகு கூடவே ஒரு பக்கம் பிடித்துத் தூக்க ஆரம்பித்தான்.

"யாரு வராங்க, சொந்தக்காரங்களா?"

"என் பொண்டாட்டியப் பொண்ணு கேட்டவரு."

ஜீவகுமார் தூக்கின மோட்டாரைக் கீழே வைத்தான். "ஒனக்குப் பெரிய மனசு தசரதா" என்றான்.

"மனசெல்லாம் இல்ல நயினாரே. அவ குடுத்துப் பழகினவ. நான் வாங்கிப் பழகினவன். வரிசைல இன்னொருத்தர் வந்து நிக்கறாரு, நான் கொஞ்சம் நகுந்து எடம் விடறேன். அவ்ளோதான்."

ஜீவகுமார் அதற்குச் சிரிக்கவில்லை. தசரதன் சொல்லி ஜீவகுமார் சிரிக்காமல் இருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். மோட்டார் எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டான்.

உள்ளே நடையில் ரஞ்சிதம் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருப்பாளோ என்னவோ. வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவந்து, தரையில் உறைந்திருந்த வார்னிஷை மண்டிபோட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடிந்தது. சாயங்காலம் கிழவரைக் கூட்டிவர ஆட்டோ சொல்லியாயிற்று. பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெயில் அறை நடுவரை வந்து விழுந்தது. சுண்ணாம்பு ஈரமும் வார்னிஷும் கலந்து ஒரு புது வாசனை. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தவள், வேலை முடிந்த களைப்பில் சுவரில் சாயாமல் தரையிலேயே உட்கார்ந்தாள். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தசரதனும் எதிரில் உட்கார்ந்தான்.

"கட்டில அந்தப் பக்கம் போட்டா அவருக்குத் தெரு தெரியும்" என்றான். "இந்தப் பக்கம் போட்டா நீ தெரிவ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் சொன்னாரு" என்றான்.

"சொல்லுவாருன்னு தெரியும்."

"இத்தினி வருஷத்துல நீ சொல்லலியே."

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிச்சிருப்பீங்க." அவள் கையிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். "உலை காயுது, அரிசி போடணும்."

அவன் எழுந்துபோகவில்லை. எப்போதும் எழுந்துபோவான்.

"ரஞ்சிதம், நான் சிரிக்காமக் கேக்கறேன். பாரு, சிரிக்கல. அவரு நல்ல மனுஷன். அவர் வரட்டும், சாகற வரைக்கும் இருக்கட்டும், நானே சோறு பெசஞ்சி ஊட்டறேன். ஆனா நான் யாருன்னு தெரிஞ்சிக்கினு இங்க இருக்கணும் நான். பசியோட வந்தவனுக்குச் சோறு போட்ட. அப்பால அவனுக்கு யாருமில்லையேன்னு நீயே வந்த. அதான? ஆமான்னாலும் நான் எங்கியும் போயிடமாட்டேன். போறதுக்கு எடம் இல்ல. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். அவன் சத்தம் முனை திரும்பிற்று.

"அவரு கேட்டனுப்பினப்ப, போறதுதான் சரின்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எங்கப்பா என்னைக் கூப்புட்டு, ஆண்டவர் உன்னைக் கேக்கறாரும்மான்னு சொன்னாரு. முட்டி போட்டு அழுதேன். போன்னுதான் தோணிச்சு. ஒரு தடவை இல்ல, எத்தினியோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் போன்னுதான் தோணிச்சு. அந்தக் கைக்கொழந்த முகத்தக்கூடப் பாத்துட்டு வந்தேன். பாத்துட்டும் போகல."

"ஏன்?"

"மத்தியானம் நீங்க வருவீங்க இல்ல."

அவள் கையைத் தட்டி மிச்சச் சுண்ணாம்பை உதிர்த்தாள்.

"பரிதாபம்னா தட்ட வச்சிட்டு உள்ள போயிருப்பேன். கதவுக்குப் பின்னால எதுக்கு நின்னுகினு இருக்கப் போறேன். பட்டறைல வேலை ஜாஸ்தின்னு நீங்க வராத அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது. எங்கம்மா காய்ச்சல்னு நெனச்சிக் கஷாயம் வச்சிக் குடுப்பாங்க. அந்தச் சோறு உங்களுக்குக் குடுத்ததில்ல. உங்கள வரவைக்கறதுக்கு வச்சது. பிச்ச போடறவ மாதிரி நான்தான் நடிச்சேன். நீங்க நம்பிட்டீங்க."

"எனக்காகவா அவர வேணாம்னே?"

"எனக்காக. உங்களுக்காக இல்ல, எனக்காக. யாரு இன்னா கேட்டாலும் குடுத்துட்டேன். குடை, சட்டை, சோறு, இப்ப இந்த ரூமு. அது எதுவும் என்னுது இல்ல, குடுக்கறதுக்கு இன்னா கஷ்டம்? ஆண்டவரே வந்து கையேந்தினாரு, அப்பவும் நான் குடுக்காம எனக்குன்னு எடுத்து வச்சிக்கினது உங்க ஒருத்தர மட்டும்தான்." அவள் குரல் உயரவில்லை. கதவுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சி செஞ்சது, தெரியாம செஞ்சது எல்லாத்துக்கும் ராவுல மன்னிப்பு கேட்டுட்டுத்தான் படுக்கறேன். இதுக்கு மட்டும் இதுவரைக்கும் கேக்கல. கேக்கறதாவும் இல்ல."